டெக்சாஸ் ஃபிரிஸ்கோ வீட்டுக்குக் கரண்ட்: குடும்பக் குழுவில் ஒரு காலை

செந்தில்: எல்லோருக்கும் வணக்கம். வியாழக்கிழமை ஃபிரிஸ்கோ வீட்டுச் சாவி கைக்கு வருகிறது. ஞாயிறு காலை கிரகப்பிரவேசம். வெள்ளிக்குள் கரண்ட் எங்கள் பெயருக்கு மாற வேண்டும். ஆஸ்டினில் நகராட்சி மின்சாரம் என்பதால் இந்த வேலையே இருந்ததில்லை. இங்கே இணையத்தில் நூறு மின்சாரத் திட்டங்களுக்கு மேல் காட்டுகிறது. எதை எடுப்பது?

கவிதா: புது வீட்டில் மின்சார அடுப்புதான். கரண்ட் வராமல் பால் காய்ச்ச முடியாது.

லலிதா சித்தி: கேஸ் இல்லையா? முன்பே சொல்லவில்லையே.

பாபு: 12 மாதம் ஒரே விலை. அதை எடுங்கள் அத்தான்.

சுந்தரம் மாமா: அவ்வளவு சுலபம் இல்லை பாபு. செந்தில், பொறுமையாகப் படி. முன்பு ஒரே கம்பெனி மின்சாரம் தயாரிக்கும், கம்பி இழுக்கும், பில்லும் அனுப்பும். 1999இல் ஜார்ஜ் டபிள்யூ புஷ் டெக்சாஸ் ஆளுநராக இருந்தபோது கையெழுத்திட்ட சட்டம் இவற்றைப் பிரித்தது. 2002 ஜனவரியிலிருந்து நீ தேர்ந்தெடுப்பது பில் அனுப்பும் கம்பெனியை மட்டும். யாரை எடுத்தாலும் அதே கம்பி, அதே மின்சாரம். மரம் விழுந்து கம்பி அறுந்தால் வருவது கம்பிக்குச் சொந்தக்கார கம்பெனியான ஆன்கார்தான். ஆகவே “எங்களிடம் வந்தால் கரண்டே போகாது” என்று எவன் சொன்னாலும் நம்பாதே. விலையையும் ஒப்பந்தத்தையும் பார்.

லலிதா சித்தி: அண்ணா காலையிலேயே தொடங்கிவிட்டார்.

கவிதா: சித்தி, ஞாயிறு 40 பேர். சாப்பாடு வெளியில் சொல்லிவிடலாமா?

லலிதா சித்தி: வெளியில் எதற்கு? சாம்பார் சாதத்துக்குப் பெரிய குக்கர் கொண்டுவருகிறேன். அண்ணா வீட்டு விசேஷத்தில் பாதிப் பந்தியில் ரசம் தீர்ந்துபோயிற்றே, அந்தக் கதை வேண்டாம்.

சுந்தரம் மாமா: ரசம் தீரவில்லை. இரண்டாவது பாத்திரம் காரிலேயே இருந்தது. எத்தனை தடவை சொல்வது?

பாபு: 😄

சுந்தரம் மாமா: செந்தில், ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு விவரச் சீட்டு உண்டு. 500, 1,000, 2,000 யூனிட்டுக்குச் சராசரி விலை போட்டிருக்கும். மூன்றையும் பார். விளம்பரத்தில் 8 சென்ட் என்று மின்னும். உள்ளே போனால் யூனிட் 18 சென்ட், 1,000 யூனிட் தொட்டால் மட்டும் 100 டாலர் தள்ளுபடி என்று இருக்கும். 1,000 ஓடினால் 80 டாலர். 990 ஓடினால் 178 டாலர். குறைவாகச் செலவழித்தவனுக்கு இருமடங்கு பில்!

கவிதா: ஏப்ரலில் எங்களுக்கு 700தான் ஓடியது. ஆகஸ்டில் 1,900.

சுந்தரம் மாமா: அப்படியானால் தள்ளுபடித் திட்டம் உங்களுக்கு ஆகாது.

செந்தில்: இரவில் இலவசம் என்று ஒன்று இருக்கிறதே மாமா?

பாபு: பகலில் சேர்த்து வாங்கிவிடுவார்கள்.

செந்தில்: மொத்தச் சந்தை விலைக்கே தருவதாக முன்பு ஒன்று இருந்ததே?

சுந்தரம் மாமா: வீடுகளுக்கு அதை 2021இலேயே தடைசெய்துவிட்டார்கள். அந்தப் பிப்ரவரிப் பனியில் டெக்சாஸில் கரண்ட் போனபோது ஒரு மெகாவாட்-மணி, அதாவது 1,000 யூனிட், 9,000 டாலர் என்ற உச்சவரம்பிலேயே விலை நாள்கணக்கில் நின்றது. யூனிட்டுக்கு 9 டாலர். வீடுகளுக்கு ஆயிரக்கணக்கில் பில்.

லலிதா சித்தி: அந்தப் பனியைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள் அண்ணா. போட்டி வந்தால் எல்லாம் சீராகும் என்றது நீங்கள். சான் அன்டோனியோவில் மின்சாரம் நகரத்துக்கே சொந்தம். எனக்குத் திட்டமும் வேண்டாம், சீட்டும் வேண்டாம்.

சுந்தரம் மாமா: உன் ஊரிலும்தானே கரண்ட் போனது லலிதா? பில் யார் அனுப்பினாலும் மின்வலை ஒன்றுதான், டெக்சாஸின் பெரும்பகுதிக்கான எர்காட்.

பாபு: எல் பாசோவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை அப்பா. எங்கள் ஊர் எர்காட்டில் இல்லை, மேற்கு மாநிலங்களோடு இணைந்தது. 2011 குளிரில் அடிபட்டதும் இங்கே பணம் செலவழித்து மின்நிலையங்களைக் குளிர் தாங்கும்படி மாற்றினார்கள். உங்கள் பக்கம் அறிக்கையில் பரிந்துரை செய்ததோடு சரி. பத்து வருடத்துக்கு ஒரு முறை வரும் குளிருக்காக எந்த முதலாளி தானாகச் செலவழிப்பான்?

சுந்தரம் மாமா: அது நியாயம். அதனால்தான் 2021இல் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் நாட்டிலேயே அதிகக் காற்றாலை மின்சாரம் டெக்சாஸில்தான். சந்தையைத் திறந்துவிட்டதற்கும் அதில் பங்கு உண்டு.

லலிதா சித்தி: 246 பேர் செத்தார்கள் என்று அரசாங்கமே கணக்குக் கொடுத்தது. பக்கத்து வீட்டு அம்மா ஆக்சிஜன் கருவியைக் கார் பேட்டரியில் ஓட்டிக்கொண்டிருந்தார். காற்றாலைப் பெருமை இப்போது எதற்கு? அன்று நீங்கள் ஒரு போன் செய்யவில்லை. மின்வலையைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பினீர்கள்.

சுந்தரம் மாமா: ஹூஸ்டனில் எனக்கும் குழாய் வெடித்துக் கூரை ஒழுகியது. போனில் சார்ஜ் இல்லை.

லலிதா சித்தி: கட்டுரைக்கு மட்டும் இருந்தது.

கவிதா: வாத்தியார் அனுமார் கோவிலிலிருந்து வருகிறார். 7 மணிக்கே எல்லோரும் இருக்க வேண்டும். மாமா, நீங்கள் சனிக்கிழமையே வந்துவிடுங்கள்.

சுந்தரம் மாமா: வருகிறேன். செந்தில், இன்னும் ஒன்று. ஒப்பந்தம் முடியும் தேதியைக் குறித்து வை. கடைசி 14 நாட்களுக்குள் மாறினால் அபராதம் கிடையாது. தூங்கிவிட்டால் மாதாமாதம் ஏறி இறங்கும் விலையில் தள்ளிவிடுவார்கள். ஆகஸ்டில் முடிகிற ஒப்பந்தமும் வேண்டாம்.

பாபு: அத்தான், வீடு ஃபிரிஸ்கோவில் எந்தப் பக்கம்? அங்கே சில தெருக்கள் ஆன்கார், சில தெருக்கள் கோசெர்வ் கூட்டுறவு. கூட்டுறவு என்றால் திட்டம் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை.

செந்தில்: அப்படியா? வீட்டு முகவர் ஒன்றும் சொல்லவில்லையே.

லலிதா சித்தி: கூட்டுறவாக இருக்கட்டும்.

சுந்தரம் மாமா: முதலில் முகவரியைப் போட்டுப் பார்க்கச் சொல். ஆன்கார் என்றால் பிடித்த இரண்டு சீட்டுகளை எனக்கு அனுப்பு.

செந்தில்: முகவர் போனை எடுக்கவில்லை. மதியம் மறுபடியும் கூப்பிடுகிறேன்.

கவிதா: சித்தி, குக்கர் ஒன்று போதுமா?

லலிதா சித்தி: அண்ணி வருகிறாரா என்று தெரிந்தால் சொல்கிறேன். ரசம் யார் வைப்பது?