அப்பத்தா வீடு குழு: கயலுக்கு எந்த சாஃப்ட்வேர்?

சனிக்கிழமை

கயல் அப்பா (காலை 7:40)
எல்லாருக்கும் வணக்கம். கயல் விஸ்காம், அதான் விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பு, சேந்தது தெரியும்ல. லேப்டாப் வாங்கியாச்சு. இப்ப போட்டோ எடிட் பண்ண, படம் வரைய, டிசைன் பண்ண சாஃப்ட்வேர் வேணுமாம். போட்டோஷாப்புக்கு மாசாமாசம் பணம் கட்டணும்ங்கிறா. ஒரே தடவையா காசு குடுத்து வாங்கிட முடியாதா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிரபு (7:52)
பெரியப்பா, எதுக்குக் காசு? எங்க ஹாஸ்டல்ல எல்லார்ட்டயும் கிராக் வெர்ஷன், பூட்ட உடைச்ச காப்பி, இருக்கு. தீபாவளிக்கு வர்றப்ப பென்டிரைவ்ல கொண்டாறேன்.

சிவகாசி மாமா (7:55)
வேண்டாம்யா பிரபு.

சிவகாசி மாமா (7:58)
அத இன்ஸ்டால் பண்றப்ப முதல்ல என்ன கேக்கும்? ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணச் சொல்லும். அதோட சேந்து வேற எது உள்ள வருதுன்னு யாருக்குத் தெரியும்? எங்க தெருவுல ஒரு டிடிபி கடையில இப்படி வந்து மொத்த ஃபைலும் பூட்டிக்கிச்சு. வருசக் கணக்கா சேத்து வச்ச பத்திரிகை டிசைன் ஒண்ணுகூட மிஞ்சல. அந்தப் பையன் அழுதத நான் பாத்தேன். சட்டப்படி இலவசமாவே நல்ல சாமான் இருக்கறப்ப நம்ம வீட்டுப் பிள்ளைக்கு அது எதுக்கு?

சிவகாசி மாமா (8:01)
மச்சான், போட்டோஷாப்ப ஒரே தடவையா வாங்குற காலம் முடிஞ்சு போச்சு. 2012ல வந்த சிஎஸ்6தான் அப்படி வாங்க முடிஞ்ச கடைசி வெர்ஷன். 2013லருந்து புதுசு எல்லாமே சந்தாதான்.

சிவகாசி மாமா (8:02)
கயல், சாஃப்ட்வேர் பேரு அப்புறம். நீ பண்ணப்போற படம் கடைசில எங்க போகும்? போன் ஸ்கிரீனா, ஆல்பமா, அச்சா? அதச் சொல்லு முதல்ல.

கயல் (8:15)
மாமா, அத்தையோட பொடி பாக்கெட்டுக்குப் புது லேபிள் பண்ணித் தர்றேன்னு சொல்லிருக்கேன், அது அச்சு. தாத்தா அப்பத்தா கல்யாண போட்டோல பூஞ்சைக் கறை, அத எடுத்து பிரேம் போடணும். காலேஜுக்கு டிராயிங். அப்புறம் கார்த்தி அண்ணன் பழைய கேமராவத் தர்றேன்னாங்க, அதுல எடுக்குற படம். லேப்டாப் விண்டோஸ், 8 ஜிபி ரேம்.

மதுரை அத்தை (8:17)
லேபிள் சீக்கிரம் வேணும்டி தங்கம். பழையது முடியப் போகுது.

கார்த்தி அண்ணன் (8:40)
ராத்திரி முகூர்த்த வேலை, இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். சித்தப்பா, நான் மொத்தமா படங்களத் திருத்துற லைட்ரூம், போட்டோஷாப் ரெண்டுக்கும் பணம் கட்டித்தான் வச்சிருக்கேன். எனக்கு அது கட்டுபடியாகும். ஒரு கல்யாணத்துல ஆயிரக்கணக்குல படம், ஆல்பம் டிசைனர் கேக்குறது 12க்கு 36 இஞ்ச் பிஎஸ்டி, அதான் போட்டோஷாப்போட ஃபைல். அந்த வேகத்துக்கு வேற எதுவும் எனக்குக் கை வரல. கயலுக்கு இன்னும் வருமானம் இல்ல. அதுக்கு இப்ப எதுக்கு மாசச் செலவு? காலேஜ் லேப்ல போட்டோஷாப் இருக்கும், அங்க பழகட்டும்.

கார்த்தி அண்ணன் (8:43)
வாங்கித்தான் ஆகணும்னா ஸ்டூடன்ட் விலை கேளுங்க. மாசாமாசம் கட்டுறதா இருந்தாலும் பெரும்பாலும் அது ஒரு வருச ஒப்பந்தம். முதல் 14 நாள் தாண்டி நடுவுல நிறுத்துனா மிச்ச மாசத்துக்குப் பாதிப் பணம் கேப்பாங்க. கார்டு நம்பர் போடுறதுக்கு முன்னாடி அதப் படிச்சிருங்க.

பிரபு (9:05)
இந்தாங்க, தாத்தா போட்டோவ ஒரு ஏஐ ஆப்ல போட்டேன். பத்து செகண்டுல ரெடி. கலரே குடுத்துருச்சு!

பிரபு (9:05)
[படம்]

மதுரை அத்தை (9:11)
பிரபு, இது எங்கப்பா இல்லய்யா.

மதுரை அத்தை (9:13)
அவருக்கு இடது புருவத்துல தழும்பு உண்டு, சின்னப் பிள்ளையில மாடு முட்டுனது. அதக் காணோம். உதடும் வேற யாரோ மாதிரி இருக்கு.

கயல் (9:20)
அப்பத்தாட்ட காட்டினேன். பேசுறாங்க, அனுப்புறேன்.

கயல் (9:21)
[வாய்ஸ் மெசேஜ் 0:19]

கயல் அப்பா (9:24)
எனக்குக் கேக்கல, வெளிய நிக்கிறேன். என்ன சொல்றாங்க?

கயல் (9:26)
"நான் கட்டிருந்தது சுங்கடி. புள்ளி எல்லாம் எங்க போச்சு? யாரோ வெள்ளச் சேல கட்டுன மாதிரி இருக்கு"ன்னு கேக்குறாங்க.

சிவகாசி மாமா (9:34)
பாத்தியா. சேலைப் புள்ளியையும் அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சிருச்சு. பூஞ்சைக் கறை எது, சுங்கடிப் புள்ளி எதுன்னு நமக்குத்தான் தெரியும். பழைய படத்துல முகத்த அந்த ஆப்கிட்ட விடக்கூடாது. பிரபு, நீ ஆசையா செஞ்ச, அதுல தப்பில்ல. ஆனா பிரேம் போடுற படம் தாத்தாவா இருக்கணும்.

பிரபு (9:36)
சரி மாமா. அப்ப எதுல பண்றது?

சிவகாசி மாமா (9:41)
கிம்ப். 1996ல பெர்க்லி யுனிவர்சிட்டில படிச்ச ரெண்டு பசங்க வெளியிட்டது, இன்னிக்கும் இலவசம். 2025 மார்ச்ல 3.0 வந்துச்சு. அதுல ஃபில்டர் போட்டாலும் பின்னால போயி மாத்திக்கலாம், முன்னாடி அது முடியாது.

சிவகாசி மாமா (9:49)
கயல், போட்டோவ பிரேம்லருந்து மெதுவா எடுத்து ஸ்கேன் பண்ணு. ஒட்டிக்கிட்டிருந்தா பிய்க்காத, எங்கிட்ட கொண்டு வா. 600 டிபிஐ, அதாவது ஒரு இஞ்சுக்கு 600 புள்ளி வச்சு, தரம் குறையாத டிஃப் ஃபைலா சேவ் பண்ணு. கிம்ப்ல அந்தப் படத்துக்கு மேல ஒரு காலி லேயர், கண்ணாடித் தாள் மாதிரி ஒரு அடுக்கு, போடு. கறைய சுத்தி இருக்குறதோட கலந்து மறைக்கிற ஹீல் டூல எடுத்து, கீழ இருக்குற படத்தையும் அது பாக்குற மாதிரி "சாம்பிள் மெர்ஜ்டு" டிக் பண்ணிட்டு, அந்தக் காலி லேயர்லயே கறையத் திருத்து. கீழ இருக்குற ஒரிஜினல் மேல கை படாது. சுவர், வானம் மாதிரி இடத்துல ஹீல் போதும். சேலைப் புள்ளி மேல கறை இருந்தா குளோன் டூல வச்சு, பக்கத்துல இருக்குற நல்ல புள்ளிய எடுத்து அங்க வை. கண்ணு, புருவம் பக்கம் போகாத. அங்க கறை இருந்தாலும் லேசா மங்க வச்சுட்டு விட்டுரு.

கயல் (9:52)
மாமா, ஸ்கேன் பண்ணி இங்க போடவா?

சிவகாசி மாமா (9:53)
போட்டோவா போட்டா வாட்ஸ்அப் அதச் சுருக்கிரும். டாக்குமென்ட்டா அனுப்பு.

மதுரை அத்தை (10:02)
எல்லாரும் இருக்கீகளே, ஆவணி கடைசி முகூர்த்தத்துக்கு வேன் சொல்லணும். எத்தன பேர் வர்றீக? தனியா எனக்குச் சொல்லுங்க.

கார்த்தி அண்ணன் (10:10)
நாங்க நாலு பேர் அத்தை.

கார்த்தி அண்ணன் (10:16)
கயல், கேமராவப் பத்தி. அதுல ரா ஃபைல் வரும், கேமரா பதிஞ்சத அப்படியே வச்சிருக்குற ஃபைல், 14 பிட். ஜேபெக்ல ஒரு கலருக்கு 256 வெளிச்சப் படிதான், இதுல 16,384. மேடை லைட்ல மாப்பிள்ளை வேட்டி வெளுத்துத் தெரிஞ்சா ரால அந்த மடிப்பத் திரும்ப எடுக்கலாம். சுத்தமா வெளுத்துட்டா எதுவும் காப்பாத்தாது, அதுனால எடுக்கறப்பவே கொஞ்சம் கம்மியா வை. டார்க்டேபிள்னு ஒண்ணு இலவசம், லைட்ரூம் செய்யுற வேலைல பெரும்பகுதி செய்யும். முதல் வாரம் தல சுத்தும், அவ்வளவு பட்டன். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், கிராப் மட்டும் தொடு. 8 ஜிபில மெதுவாத்தான் ஓடும், ஆனா ஓடும்.

கயல் (10:20)
டிராயிங்குக்கு அண்ணா?

கார்த்தி அண்ணன் (10:21)
எனக்குத் தெரியாதும்மா, மாமாவக் கேளு.

சிவகாசி மாமா (10:33)
கிரிட்டா. யோசிக்கவே வேண்டாம். வரையறதுக்குன்னே செஞ்சது. கோடு நடுங்காம இழுக்க ஸ்டெபிலைசர் இருக்கு. மல்டிபிரஷ்னு ஒரு டூல், அதுல எட்டுன்னு வச்சுட்டு ஒரு இதழ் போட்டா சுத்தி எட்டு இதழும் அதுவே போட்டுக்கும். அப்பத்தாவ உக்கார வச்சு ஒரு கோலம் போடச் சொல்லு. அவங்க வெப்சைட்லருந்து எடுத்தா காசில்ல. ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கடையிலயும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்லயும் விலைக்கு இருக்கும், அதே சாமான்தான். சம்பாதிக்க ஆரம்பிச்சப்புறம் அங்க வாங்கு, அந்தப் பணம் செஞ்சவங்களுக்குப் போகும்.

சிவகாசி மாமா (10:35)
மச்சான், சாஃப்ட்வேருக்கு ஒதுக்கின காசுல ஒரு பென் டேப்லெட், பேனா வச்சு வரையுற பலகை, வாங்கிக் குடுங்க. மவுஸ வச்சுப் பிள்ள வரைய முடியாது.

கயல் அப்பா (10:50)
சரி மாப்ள. இன்னிக்கே பாக்குறேன்.

மதுரை அத்தை (11:05)
என் லேபிள யாரும் பேசலயே.

சிவகாசி மாமா (11:06)
அதுதான் மதினி பெரிய விசயம், டீ குடிச்சிட்டு உக்காந்து எழுதுறேன்.

சிவகாசி மாமா (11:31)
கயல், லேபிள கிம்ப்லயோ கிரிட்டாலயோ பண்ணாத. அதுக்கு இங்க்ஸ்கேப். கிம்ப் படம் புள்ளியா இருக்கும், பெருசாக்குனா உடையும். இங்க்ஸ்கேப்ல கோடு கோடாவே இருக்கும். 50 கிராம் பாக்கெட்டுக்குப் பண்ணுனத அப்படியே கடை போர்டுக்கும் வச்சுக்கலாம்.

சிவகாசி மாமா (11:36)
எந்த டிசைன் சாஃப்ட்வேர எடுத்தாலும் முதல்ல "கொள்ளுப் பொடி"ன்னு யூனிகோட்ல டைப் பண்ணிப் பாரு. ஒற்றைக் கொம்பு க-வுக்கு முன்னாடி வந்து நிக்குதா, ளு ஒரே எழுத்தா வருதா, பொ உடையாம இருக்கா. கொம்பு தனியா நின்னு பக்கத்துல புள்ளி வட்டம் காட்டுனா அதுல தமிழ் வேலை செய்யாத. கிம்ப், இங்க்ஸ்கேப் ரெண்டும் இதுல பாஸ். போட்டோஷாப் பழைய வெர்ஷன்ல ப்ரிஃபரன்ஸ்ல டைப் பக்கம் போயி "வேர்ல்ட் ரெடி லேஅவுட்" வைக்கணும், இல்லன்னா எழுத்து செதறிரும்.

பிரபு (11:40)
மாமா, அஃபினிட்டி இப்ப ஃப்ரீயாமே? அது?

சிவகாசி மாமா (11:44)
ஆமா, கான்வா கம்பெனி 2024ல அத வாங்குச்சு, 2025 அக்டோபர்லருந்து இலவசம். கான்வா அக்கவுண்ட் வேணும், ஏஐ வசதிக்கு மட்டும் காசு. அருமையான சாஃப்ட்வேர், அச்சுக்கான நாலு மைக் கலர், சிஎம்ஒய்கே, அதுவும் இருக்கு. ஆனா அதோட முந்தின வெர்ஷன்கள்ல தமிழ் சேராது. கொள்ளுப் பொடி டெஸ்ட் வச்சுப் பாத்துட்டு இறங்கு.

கயல் (11:47)
காலேஜ்ல பிஎஸ்டி ஃபைல் குடுத்தா வீட்ல எப்படித் திறக்க?

சிவகாசி மாமா (11:48)
போட்டோபீ. பிரவுசர்லயே திறக்கும், இன்ஸ்டால் வேண்டாம்.

சிவகாசி மாமா (11:59)
இப்ப அச்சு. கவனமாக் கேளு, இதுலதான் நிறைய பிள்ளைக லேபிள் கெட்டுப் போகுது. இங்க்ஸ்கேப் வேலை செய்யுறது ஆர்ஜிபில, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் சேர்ற ஸ்கிரீன் கலர்ல. ஸ்கிரீன்ல கருப்பா தெரியுற எழுத்து அச்சுக்கு வர்றப்ப நாலு மையா பிரிஞ்சிரும். ஒரு மைக்கு ஒண்ணா இருக்குற நாலு அச்சு பிளேட்ல ஒண்ணு மயிரிழை தள்ளுனாலும் சின்ன எழுத்து ஓரத்துல சிவப்பும் நீலமுமா நிழல் விழும். சேர்மானம், லைசென்ஸ் நம்பர் எல்லாம் பொடி எழுத்துதான, படிக்க முடியாமப் போயிரும். கருப்பு எழுத்துன்னா கே 100, அதாவது முழுக் கருப்பு மை, மட்டும்தான் இருக்கணும். ஸ்கிரைபஸ்னு இலவச சாஃப்ட்வேர்ல கொண்டுபோய் அத மாத்தி பிடிஎஃப் எடுக்கலாம். முதல் தடவை நான் எங்க ப்ரெஸ்ல உக்காந்து மாத்தித் தர்றேன், பக்கத்துல இருந்து பாத்துக்க.

சிவகாசி மாமா (12:04)
எழுத்து எல்லாத்தையும் "ஆப்ஜெக்ட் டு பாத்" குடுத்து, வரைஞ்ச கோடா மாத்திட்டு அனுப்பு. நாங்க கோரல் டிராங்கிற சாஃப்ட்வேர்ல திறப்போம், எங்க சிஸ்டத்துல உன் ஃபான்ட் இருக்காது. அப்படி மாத்துறதுக்கு முன்னாடி ஒரு காப்பி தனியா வச்சுக்க. மதினி கடைசி நேரத்துல விலைய மாத்துவாங்க, அப்ப பாத்ல எழுத்தத் திருத்த முடியாது.

மதுரை அத்தை (12:06)
மல்லி விலை ஏறுனா நான் என்ன தம்பி செய்ய.

மதுரை அத்தை (12:07)
பேக்கிங் தேதியும் விலையும் போடுற இடத்த மட்டும் காலியா விட்டுரு கயலு. நானே ரப்பர் ஸ்டாம்ப் வச்சுக்கிறேன்.

சிவகாசி மாமா (12:09)
சரியான யோசனை மதினி. கயல், அந்த இடத்துக்குப் பின்னால கலர் போடாத, வெள்ளையா விடு. பளபளப்பு லேமினேஷன்ல ஸ்டாம்ப் மை அழியும், அதுனால இதுக்கு லேமினேஷன் வேண்டாம்னு நான் ஆர்டர்ல எழுதிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

கயல் (மாலை 4:22)
மாமா, இங்க்ஸ்கேப்ல பண்ணேன். கொள்ளுப் பொடி உடையாம வந்துச்சு. டாக்குமென்ட்டா அனுப்பிருக்கேன்.

கயல் (4:22)
[கொள்ளுப்பொடி_லேபிள்_1.பிடிஎஃப்]

சிவகாசி மாமா (5:10)
நல்லா இருக்குத்தா. மூணு திருத்தம். வெட்டுற ஓரத்துக்கு வெளிய நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கலர நீட்டு, இல்லன்னா வெட்டறப்ப வெள்ளைக் கோடு தெரியும். சைவக் குறி பச்சை வட்டத்த இன்னும் கொஞ்சம் பெருசாக்கு. "சேர்மாணம்"னு ணகரம் விழுந்திருக்கு, அது சேர்மானம்.

கயல் (5:12)
இப்பவே மாத்தி அனுப்புறேன் மாமா.

சிவகாசி மாமா (5:13)
காலைல பத்து மணிக்குள்ள வந்தா போதும். பிளேட் போடுறது அதுக்கு அப்புறம்தான்.