சிகர் கையில் இருந்தது 1100-ஆ, 11-87-ஆ?

பிரேம்பைபிரேம்:
கோயன் சகோதரர்களின் ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’ (2007) படத்தில் வரும் துப்பாக்கிகளுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். தகராறு ஒன்றில்தான்: ஆன்டன் சிகராக வரும் ஹாவியர் பார்டெம் தூக்கிக்கொண்டு அலையும், சைலன்சர் மாட்டிய ஷாட்கன். அது ரெமிங்டன் 11-87. 1987இல் விற்பனைக்கு வந்த மாடல். கதை நடப்பதோ டெக்சஸில், 1980இல். காலப்பிழை என்று குறித்துவிட்டேன். ஆட்சேபம் உண்டா?

கடைசிபெஞ்ச்:
உண்டு. ரெமிங்டன் 1100 என்று ஒன்று 1963லிருந்தே கடைகளில் இருக்கிறது. 11-87 அதன் வாரிசு. வித்தியாசம் பெரும்பாலும் உள்ளே இருக்கிறது. 1100இல் அதிக அழுத்தம் தரும் மேக்னம் தோட்டா போட வேண்டுமானால் அதற்கென்று தனிக் குழல் மாட்ட வேண்டும். 11-87 மிச்ச அழுத்தத்தைத் தானே வெளியே விட்டுவிடும், எல்லாத் தோட்டாவும் ஒரே குழலில் ஓடும். இருட்டு மோட்டல் அறையில், பத்தடி தள்ளி நிற்கும் கேமராவுக்கு இது எங்கே தெரியப்போகிறது? படம் பார்க்கிறவனுக்கு அது 1100தான். எதைப் பிழை என்கிறீர்கள்?

பிரேம்பைபிரேம்:
திரையில் எப்படித் தெரிகிறது என்பதல்ல பாஸ், படப்பிடிப்பில் கையில் என்ன கொடுத்தார்கள் என்பதுதான் பட்டியல். துப்பாக்கி ஆர்வலர்கள் படம் வந்த நாளிலிருந்து அதை 11-87 என்றுதான் சொல்லி வருகிறார்கள்.

கடைசிபெஞ்ச்:
அப்படியானால் ‘டை ஹார்ட்’ (1988) படத்துக்கு என்ன எழுதுவீர்கள்? வில்லன் கும்பல் கையில் இருப்பது எம்பி5 என்ற தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கி என்று ஊரே சொல்கிறது. உண்மையில் அவை ஹெக்லர் அண்ட் கோக் கம்பெனி பொதுமக்களுக்கு விற்ற எச்கே94. நீளக் குழலை வெட்டி, தொடர்ந்து சுடும்படி மாற்றி எம்பி5 வேஷம் போட்டார்கள். கதைக்குள் அது எம்பி5. செட்டில் எச்கே94. யாராவது அதைப் பிழை என்கிறார்களா? அங்கே வேஷம் செல்லும், இங்கே மட்டும் செல்லாதா?

ராக்கோழி:
இடையில் ஒரு வார்த்தை. அந்த மாட்டுத் துப்பாக்கியையும் பட்டியலில் சேர்த்தீர்களா? சிலிண்டரும் குழாயுமாகத் தூக்கி வருவானே.

பிரேம்பைபிரேம்:
சேர்த்தேன், ஆனால் தனியாக. அதில் தோட்டாவே கிடையாது. காற்றழுத்தத்தில் ஓர் இரும்புக் கம்பி வெளியே பாய்ந்து திரும்ப உள்ளே போய்விடும். இறைச்சிக் கூடங்களில் மாட்டை மயக்க வைத்திருக்கும் கருவி. கதவுப் பூட்டின் உருளையை அவன் தெறிக்க விடுவதும் அதே கம்பியால்தான்.

கடைசிபெஞ்ச், ‘டை ஹார்ட்’ உதாரணம் நல்லதுதான், ஆனால் பொருந்தாது. எம்பி5 அந்தக் கதை நடக்கும் வருஷத்தில் நிஜமாகவே இருந்தது. வேஷம் போட ஓர் அசல் இருந்தது. இங்கே வருஷத்தை மங்கலாக விட்டிருந்தால் நானும் பேசாமல் போயிருப்பேன். பெட்ரோல் நிலையக் காட்சியை மறுபடி பாருங்கள். சிகர் நாணயத்தைச் சுண்டி, கையால் மூடி, 1958ஆம் வருஷத்து நாணயம், இருபத்திரண்டு வருஷம் பயணம் செய்து இங்கே வந்திருக்கிறது என்கிறான். 58உம் 22உம் கூட்டினால் 80. நாணயத்துக்கு வருஷம் பார்த்த படம் ஷாட்கனுக்குப் பார்க்கவில்லை.

கடைசிபெஞ்ச்:
வேஷத்துக்கு அசல் வேண்டும் என்றால் 1980இல் 1100 இருந்ததே! அதைத்தானே முதல் பதிலிலேயே சொன்னேன்.

வருஷத்தில்தான் குறியாக இருக்கிறீர்கள் என்றால் ஷாட்கனை விடுங்கள், அதன் முனையில் இருப்பதைப் பிடியுங்கள். ஷாட்கன் சைலன்சர் பரவலாகக் கடைக்கு வந்ததே 2014இல், சைலன்சர்கோவின் சால்வோ 12. காரணமும் லேசுப்பட்டதல்ல. பால்ரஸ் குண்டுகளோடு ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் குழலில் வருகிறது. வெளியே வந்ததும் பூவிதழ் மாதிரி விரியும். சாதாரண சைலன்சருக்குள் இருக்கும் தட்டுகளில் அது மாட்டிக்கொண்டால் தீர்ந்தது கதை. சால்வோவில் நீள வாக்கில் கம்பிகள் வைத்து அதை வழிநடத்துகிறார்கள். அப்படியும் சத்தம் 130 டெசிபலுக்கு மேல். படத்தில் கேட்பதோ தலையணையில் குத்துவது போன்ற அமுங்கல் ஒலி. ஒலித்தொகுப்புக்கு ஆஸ்கர் பரிந்துரை வாங்கிக் கொடுத்த படம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது எந்தத் துப்பாக்கியின் ஒலியும் இல்லை.

பிரேம்பைபிரேம்:
சைலன்சரை ஒருவன் பட்டறையில் கடைந்து செய்துகொள்ளலாம். மாக்சிம் 1909இலேயே சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சிகர் கடையில் வாங்குகிற ஆளும் இல்லை. அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரெமிங்டன் ஆலையின் செமி ஆட்டோவை எவன் பட்டறையில் கடைவான்?

ராக்கோழி:
சிகர் துரத்துகிற ஆள், லெவெலின் மாஸ், அவன் வாங்குகிற ஷாட்கன் பற்றி யாரும் பேசவில்லையே. அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிகிறது. பின்பக்கம் ஹேமர், அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி, வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது, வின்செஸ்டர் 1897. ஜான் பிரவுனிங் வடிவமைத்த, முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஷாட்கன். 1957லேயே உற்பத்தி நின்றுபோன சரக்கு, 1980இல் கடையில் பழசாகக் கிடைத்தால் ஆச்சரியமே இல்லை. மோட்டலில் உட்கார்ந்து ரம்பத்தால் குழலை அறுக்கிறான் பாருங்கள், 18 அங்குலத்துக்குக் கீழே போனால் 1934 அமெரிக்கச் சட்டப்படி பதிவு செய்யாமல் வைத்திருப்பது குற்றம். இரண்டு மில்லியன் டாலரோடு ஓடுகிறவனுக்கு அது ஒரு கவலையா என்பது வேறு.

கடைசிபெஞ்ச்:
1897இல் எனக்குத் தகராறே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் அது. அதே மாதிரி சிகரின் ஷாட்கனில் ரிசீவரில், அதாவது குழலுக்குப் பின்னால் இருக்கும் உடற்பகுதியில், பொறித்த எழுத்து படிக்கக் கிடைக்கும் ஒரே ஒரு சட்டகம் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

பிரேம்பைபிரேம்:
சரி, பட்டியலில் இப்படிப் போடுகிறேன். நடிகர் கையில்: ரெமிங்டன் 11-87. பாத்திரத்தின் கையில்: ரெமிங்டன் 1100 என்று கொள்ளலாம். பக்கத்தில் ‘காலப்பிழை’ என்ற சொல் அப்படியே இருக்கும்.

கடைசிபெஞ்ச்:
முதல் வரிக்குச் சட்டகம் வரும்வரை ஒரு கேள்விக்குறி போடுங்கள். இரண்டாவது வரி நிற்கிறபோது அந்தச் சொல் எதற்கு? அதை எடுங்கள்.

பிரேம்பைபிரேம்:
கேள்விக்குறி போட்டாயிற்று. சொல்லை எடுக்க மாட்டேன்.