சங்கத்தில் குறையே பேசக் கூடாதா?

செயலாளர்:
எங்கள் முன்னாள் படைவீரர் சங்கக் கூட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் ஓய்வூதியக் குறையிலேயே கரைந்துவிடுகிறது. புதிதாக வந்தவர் அடுத்த மாதம் தலைகாட்டுவதில்லை. இனி குறைகளை ஒதுக்கிவைத்து நல்ல செய்தியோடு தொடங்குவோம், ஒருவருக்கொருவர் கைகொடுப்போம். அப்போதுதான் உறுப்பினர்கள் கூடுவார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பழைய சிக்னல்காரர்:
இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் செயலாளரே. உரிமையை வாங்கித் தரும் சங்கத்தில்தான் ஆள் சேரும். அமெரிக்காவில் 1944-இல் வந்த ஜி.ஐ. சட்டத்தைப் பாருங்கள். போரிலிருந்து திரும்பியவர்களுக்குப் படிப்புச் செலவு, வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம். அதன் முதல் வரைவை எழுதியது அமெரிக்கன் லீஜன் என்ற வீரர் அமைப்பு. 1946-இல் அதன் உறுப்பினர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. குறையை வாய்விட்டுப் பேசியதால் கிடைத்தது அது.

ராணுவ நர்ஸ்:
அண்ணா, அந்த 30 லட்சத்துக்குச் சட்டம் மட்டுமே காரணம் இல்லை. போர் முடிந்து லட்சக்கணக்கானோர் வீடு திரும்பிய நேரம் அது. அதே நாட்டில் வியட்நாம் போரிலிருந்து வந்தவர்களுக்கு என்ன நடந்தது? பழைய அமைப்புகளின் கிளைகள் பலவற்றில் மூத்தவர்களே அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் 1978-இல் அவர்கள் தங்களுக்கென்று தனி அமைப்பு தொடங்கினார்கள். ‘இனி ஒருபோதும் ஒரு தலைமுறை வீரர்கள் இன்னொரு தலைமுறையைக் கைவிட மாட்டார்கள்’ என்பதுதான் அதன் அடிப்படைக் கொள்கை. அவர்கள் மனதில் இருந்த காயம் அதிலேயே தெரிகிறது.

இரண்டு வருடம் முன் ஓய்வு:
சிஸ்டர் சொல்வது எனக்கே நடந்தது. ஒரு சங்கத்துக்கு ஒரே ஒரு முறை போனேன். கதவருகே நாற்காலி கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் எந்த யூனிட் என்று கேட்டார், சொன்னேன். “ஓ, போர் பார்க்காதவரா” என்று திரும்பிக்கொண்டார். அப்புறம் ஒருவர் சந்தா ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். என் பெயரைக் கேட்டதே அவர் ஒருவர்தான், அதுவும் ரசீதில் எழுத. பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். இன்றுவரை நான் அங்கே உறுப்பினர்தான், கணக்கில்.

பழைய சிக்னல்காரர்:
தம்பி, அது தப்புதான். ஆனால் அதற்கு மருந்து ‘நல்லதையே பேசுவோம்’ என்பது இல்லை. என்னோடு ஒரே செட்டில் டியூட்டி பார்த்தவன் ஒருவன். ஒரு கூட்டத்தில் எழுந்து, மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை என்று ஆரம்பித்தான். மேடையில் இருந்தவர், “இன்று மகிழ்ச்சியான விஷயங்கள் மட்டும்” என்றார். அவன் பேச வந்த காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு வரவே இல்லை. செயலாளர் கேட்கும் விதி எனக்கு அந்தக் காகிதத்தைத்தான் நினைவுபடுத்துகிறது.

செயலாளர்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. குறைகளை ஒதுக்கிவைப்போம் என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கைகொடுப்பதை விட மாட்டேன். போன மாதம் பழைய பதிவேட்டை எடுத்து, சந்தா நின்றவர்களுக்குப் போன் செய்தேன். ஏழாவது எண்ணில் ஒரு பெண் எடுத்தார். “அப்பா போய் நான்கு மாதம் ஆகிறதே, சங்கத்திலிருந்து வருவீர்கள் என்று அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்” என்றார். எட்டாவது எண்ணை அன்று அழைக்க முடியவில்லை.

ராணுவ நர்ஸ்:
மனசு கனக்கிறது. லீஜன்காரர்கள் இதை ‘பட்டி செக்’ என்கிறார்கள், அதாவது சக வீரரைக் கூப்பிட்டு நலம் விசாரிப்பது. 2019-இல் நாடு முழுக்க இதற்கென்று ஒரு வாரமே ஒதுக்கினார்கள். இதைச் செய்ய முதலில் வேண்டியது சரியான தொலைபேசி எண் பட்டியல். அது பல சங்கங்களில் இருப்பதில்லை.

பழைய சிக்னல்காரர்:
அங்கேயும் இன்று உறுப்பினர் 20 லட்சத்துக்குக் கீழேதான் சிஸ்டர். போன் செய்வதால் எண்ணிக்கை ஏறும் என்று நம்பிவிடாதீர்கள். ஏறாவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை இது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: அழைப்பவர் சந்தாவைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. எதிர்முனையில் இருப்பவர் ஓய்வூதியக் குறையைச் சொன்னால் குறித்துக்கொள்ள வேண்டும், அது கூட்டத்துக்கு வர வேண்டும்.

செயலாளர்:
சரி. எட்டிலிருந்து முப்பது வரை நான் அழைக்கிறேன்.

இரண்டு வருடம் முன் ஓய்வு:
சார், முப்பத்தொன்றிலிருந்து எனக்கு அனுப்புங்கள்.