கன்னத்துச் சிவப்பும் காவடி நேர்த்தியும்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

எனக்கு வந்திருப்பது லூபஸ் என்று உறுதியாவதற்குள், என் முகத்தைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டார்கள். மூக்கின் மேல் தொடங்கி இரு கன்னங்களிலும் பரவிய சிவப்பைக் கண்ட மாமியார், அம்மை என்று முடிவுகட்டி, வாசலில் வேப்பிலை செருகி, மீன் சமைப்பதையும் தாளிப்பதையும் நிறுத்தினார். அம்மை என்றால் சில நாளில் இறங்கியிருக்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். இதுவோ மாதக்கணக்கில் இறங்கவில்லை. நான் போன கிளினிக்கில் ஒவ்வாமை என்று களிம்பு கொடுத்தார்கள். காலையில் விரல்கள் மடங்காமல், தேநீர்க் கோப்பையை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தூக்கியதையும், சிறுநீர் நுரைத்துப் போனதையும் சொன்ன பிறகுதான் இரத்தமும் சிறுநீரும் சோதித்தார்கள்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே சொந்த உறுப்புகளைத் தாக்குகிறது, இது யாருக்கும் தொற்றாது, ஆனால் வெயில் பட்டால் கிளம்பும் என்று மருத்துவர் விளக்கினார். கடைசிச் செய்திதான் வீட்டில் பெரிய சிக்கலானது. நான் குணமானால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பேன் என்று மாமியார் ஏற்கெனவே எனக்காக நேர்ந்திருந்தார். இந்த ஊரில் தைப்பூசம் நடுக்கோடையில் வருகிறது. இரண்டு வாரம் பேச்சில்லாமல் கழிந்தபின், அவரே பால்குடம் சுமந்து வெறுங்காலுடன் நடந்தார். முழுக்கைச் சட்டையோடு பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்த எனக்கு நெற்றியில் விபூதி இட்டுவிட்டு, கன்னத்தைத் தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். தொற்றிவிடுமோ என்ற அச்சமா, வலிக்குமோ என்ற பரிவா என்று நான் கேட்கவில்லை.

பீனிக்ஸ், டர்பன்

அக்கா, எனக்கு நேர்மாறான அனுபவம். ப்ரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் வட்டமாக உப்பியபோது, "உடம்பு தேறிவிட்டதே" என்று உறவினர்கள் மகிழ்ந்தார்கள். நான் மிக மோசமாக இருந்த மாதம் அது. 2020-இல் கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் உதவும் என்று பேச்சுக் கிளம்பியதும், லூபஸுக்காக நான் அதை வழக்கமாக வாங்கும் மருந்தகத்தில் அது தீர்ந்துபோயிற்று. கொரோனாவுக்கு அது பயன்படவில்லை என்று அதே ஆண்டில் ஆய்வுகள் காட்டின. அதற்குள் என் டப்பாவில் மிஞ்சியிருந்த பதினோரு மாத்திரைகளை நான் எத்தனை முறை எண்ணியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நான் ஆண். இந்நோய் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள் என்பதால், எனக்கு அதுவாக இருக்கும் என்று நானே நம்பவில்லை. வலியைவிட அசதிதான் என்னை வீழ்த்துகிறது. இரவு முழுவதும் தூங்கி எழுந்தும், குளித்து முடித்தவுடன் கட்டிலில் சாய வேண்டியிருக்கிறது. தங்கை மகன் திருமணத்தில் நாற்காலி அடுக்காமல் உட்கார்ந்திருந்த என்னைச் சோம்பேறி என்றார்கள். வெளியே காயம் தெரியாத நோய்க்கு எத்தனை பேரிடம் சான்று காட்டுவது? இப்போது முந்திய நாள் இரவே மறுநாளுக்கு இரண்டு வேலைகளை மட்டும் தேர்ந்தெடுத்து மனைவியிடம் சொல்லிவிடுகிறேன். மூன்றாவதை அவள் கேட்பதில்லை. ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் விழித்திரையைப் பாதிக்கிறதா என்று பார்க்க ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனைக்குப் போவது தனிக் கணக்கு.

ஆடி மாதம் நமக்குக் குளிர்காலம் என்பதால், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் வெயில் எனக்கு அவ்வளவு பகையில்லை. அண்டாவைக் கிண்ட மணிக்கட்டு இடங்கொடுக்காது. வரிசையில் வருபவர்களுக்குக் கிண்ணம் எடுத்துக் கொடுக்கிறேன்.