மாமா விட்டுச்சென்ற கடிகார லேத்: எங்கிருந்து தொடங்குவது?

குழித்துறைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தில் நெடுங்காலம் கைக்கடிகாரப் பழுதுபார்ப்புக் கடை நடத்திய என் தாய்மாமா சென்ற ஆண்டு காலமானார். கடையை ஒழித்துக் கொடுத்தபோது அத்தை ஒரு தேக்குப் பெட்டியை என் கையில் தந்து, இதில் உனக்குத்தான் பிரியம், நீயே வைத்துக்கொள் என்றார். உள்ளே ஒரு சாணுக்குச் சற்று மேல் நீளமுள்ள சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) இருந்தது. சுழலும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக், கம்பியின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக், உளியைத் தாங்கும் டீ ரெஸ்ட், கம்பியைக் கவ்விப் பிடிக்கும் பதினான்கு காலெட்டுகள், கடையும் உளிகளான ஐந்தாறு கிரேவர்கள் ஆகியவை உள்ளன. மோட்டாரும் பெல்ட்டும் இல்லை. ‘ஜி. போலி’ என்றும் ‘எஸ்லிங்கன்’ என்றும் ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கிறது. அது ஜெர்மன் நிறுவனத்தின் பெயர்தான் என்றாலும், போலி என்று எழுதியிருக்கும் பொருளை அசல் என்று வீட்டில் நம்பவைக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

பழைய எச்.எம்.டி. ஜனதா கடிகாரங்களைப் பிரித்துக் கழுவி, எண்ணெயிட்டு, மீண்டும் பூட்டும் அளவுக்கு எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் லேத்தை இதுவரை தொட்டதில்லை. பேலன்ஸ் ஸ்டாஃப், அதாவது உள்ளே ஊசலாடும் சக்கரத்தின் மெல்லிய அச்சு, முறிந்த இரண்டு ஜனதாக்கள் மேசையில் கிடக்கின்றன. அவற்றுக்கு நானே ஸ்டாஃப் கடைந்து போட வேண்டும் என்பதே ஆசை. இந்த லேத்தை எப்படி ஓட்டத்துக்குக் கொண்டுவருவது, எந்த மோட்டார் பொருந்தும், காலெட்டுகள் இன்னும் வாங்க வேண்டுமா, முதலில் எதைக் கடைந்து பழகுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மணிமேடைப் பக்கம் எழுதியது:

தம்பி, முதலில் மோட்டாரை மறந்துவிடுங்கள். பல ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த லேத்தில் பெல்ட்டை மாட்டிச் சுழற்றிப் பார்ப்பதுதான் அதைக் கெடுப்பதற்கு மிக விரைவான வழி. இவ்வகை ஹெட்ஸ்டாக்கில் பால் பேரிங் கிடையாது. கூம்பு வடிவில் கடினப்படுத்தப்பட்ட எஃகு, அதே போன்ற எஃகுக் குழிக்குள் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது சுழல்கிறது. அந்த எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும் நிலையில் ஓட்டினால் சில நிமிடங்களிலேயே கூம்பில் கீறல் விழும். கீறல் விழுந்த கூம்பைச் சீர்செய்வது நம் கைக்கு எட்டும் வேலையல்ல.

ஆகவே ஸ்பிண்டிலை, அதாவது ஹெட்ஸ்டாக்கில் சுழலும் அந்த அச்சை, கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்போ இறுக்கமோ தெரிந்தால், பின்புற நட்டைத் தளர்த்தி, எந்தப் பாகம் எந்தத் திசை பார்த்து இருந்தது என்பதைப் படம் எடுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடையுங்கள். சுத்தியலைப் பக்கத்தில்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். எண்ணெய்த் துளைகளுக்குள் பழைய அழுக்கு அடைந்திருக்கும். அதை மரக்குச்சியால் மட்டும் எடுங்கள். திரும்பப் பூட்டியபின் தையல் இயந்திர எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு, ஸ்பிண்டில் விரலால் தட்டினாலே தாராளமாகச் சுழல வேண்டும், ஆனால் முன்னும் பின்னும் இழுத்தால் அசைவு தெரியக்கூடாது என்ற இடத்தில் நட்டை நிறுத்துங்கள். இந்த ஒரு சரிக்கட்டலுக்கே எனக்கு முதல் தடவை ஒரு முழு மாலை பிடித்தது.

காலெட்டுகளைப் பற்றி. எட்டு மில்லிமீட்டர் வகையில் முகப்பில் உள்ள எண் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரைக் குறிக்கும்: 10 என்றால் 1.0 மி.மீ., 30 என்றால் 3.0 மி.மீ. காலெட் என்பது எந்த அளவுக் கம்பியையும் கவ்வும் சக் அல்ல. எழுதியிருக்கும் அளவிலிருந்து 0.05 மி.மீ. அளவுக்கு மேல் கூடவோ குறையவோ உள்ள கம்பியைக் கவ்வினால் அதன் தாடைகள் வாயில் மட்டுமோ அடியில் மட்டுமோ பிடிக்கும். கம்பியும் ஆடும், காலெட்டும் நாளடைவில் விரிந்து கெடும். கம்பி இல்லாமல், காலெட்டைப் பின்னாலிருந்து உள்ளிழுக்கும் டிரா பாரை வெறுமனே இறுக்குவதும் கூடாது. இன்னொன்று: 1880-களின் இறுதியில் அமெரிக்காவின் வால்தம் நகரில் உருவான வெப்ஸ்டர் விட்கோம்ப் வடிவத்தைப் பின்பற்றிப் பலரும் எட்டு மில்லிமீட்டர் காலெட் செய்தார்கள் என்றாலும், எல்லாருடைய மரையும் ஒன்றல்ல. உடல் பருமன் பொருந்துகிறது என்று இணையத்தில் ஒரு கட்டு வாங்கிவிட்டு, மரை பொருந்தாமல் வைத்திருப்பவர்கள் இங்கேயே சிலர் உண்டு. இருக்கும் பதினான்கு இப்போதைக்குப் போதும்.

குழித்துறைவாசி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் எழுதுவதற்கு முந்தைய நாளே நான் இரண்டு பிழைகளைச் செய்து முடித்துவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். காலெட் ஒன்றை வெறுமனே இறுக்கிப் பார்த்தேன். அதோடு, கையில் கிடைத்தது தேங்காய் எண்ணெய் என்பதால் எண்ணெய்த் துளைகளில் அதையே விட்டேன். கிரேவர்கள் மழுங்கியிருந்தமையால் அவற்றை வெல்டிங் பட்டறையில் கொடுத்துத் தீட்டி வாங்கலாம் என்றும் எண்ணியிருந்தேன்.

பழைய டூல்ரூம் எழுதியது:

வெல்டிங் பட்டறைக்குப் போகாமல் நிறுத்தியது நல்லதாயிற்று. உங்கள் மாமா காலத்துக் கிரேவர்கள் பெரும்பாலும் கார்பன் எஃகாக இருக்கும். வேகமாகச் சுழலும் சாணைச் சக்கரத்தில் அழுத்தினால் முனை ஒரு நொடியில் நீலமாகும். நீலமாகிவிட்டால் அதன் கடினம் போயிற்று என்று பொருள். கையால், தட்டையான வைரத் தகட்டிலும் பிறகு மிக நுண்ணிய கல்லிலும் தீட்டுங்கள். சதுரக் கம்பியின் நுனியில், தண்டின் அச்சுக்கு 45 முதல் 50 பாகை வரை சாய்ந்த ஒரே முகம் கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும். அந்த முகத்தோடு சேரும் இரு பக்கங்களையும் அதேபோல் மெருகேற்ற மறக்காதீர்கள், ஏனெனில் வெட்டும் விளிம்பு என்பது இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு, அவற்றில் ஒன்று சொரசொரப்பாக இருந்தாலும் கடைந்த பரப்பில் அது அப்படியே பதியும். கூர்மையைச் சோதிக்கக் கட்டைவிரல் நகத்தின்மேல் முனையை எடையின்றி வையுங்கள். வழுக்கினால் மீண்டும் கல்லுக்குப் போங்கள், பற்றிக்கொண்டால் போதும்.

சிறு லேத்தில் நடுக்கம், கீச்சொலி, கம்பி வளைவது என்று புதியவர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை மழுங்கிய கிரேவரின் குறைகளே. லேத்தின் மீது பழி போடுவதற்கு முன் கல்லை எடுங்கள்.

மோட்டாருக்கு, காலால் அழுத்தும் பெடலோடு வரும் தையல் இயந்திர மோட்டாரே பொருத்தமானது. தையல் கடைச் சாமான்கள் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். பெடலை மெதுவாக அழுத்தினால் வேகம் மெதுவாக ஏறும். மிகக் குறைந்த வேகத்தில் அதற்கு வலு குறைவு, நீண்ட நேரம் அப்படி ஓட்டினால் சூடாகவும் செய்யும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். லேத்தில் சுழலும் கம்பியின் மேல்பக்கம் உங்களை நோக்கி இறங்கிவர வேண்டும். எதிர்த்திசையில் சுழன்றால் உருண்டைப் பெல்ட்டை எட்டுப்போல் குறுக்கே மாற்றி மாட்டுங்கள். மோட்டார் வாங்கியதுமே முழு வேகத்தில் ஓட்ட வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வருகிறது. 3 மி.மீ. பித்தளைக் கம்பி நிமிடத்துக்கு 1000 சுற்றில் சுழன்றால் அதன் பரப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 9.4 மீட்டர் நகர்கிறது. பழகுவதற்கு அது தாராளம்.

தேங்காய் எண்ணெயை உடனே கழுவிவிடுங்கள். 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும் பொருள் அது. உறையாவிட்டாலும் நாளாக நாளாகக் காறிப் பிசுபிசுக்கும். தலைக்கும் தாளிப்புக்கும் நம் மாவட்டத்தில் அதற்கு ஈடில்லை, பேரிங்குக்கு மட்டும் வேண்டாம்.

குளச்சல் கரையோரம் எழுதியது:

மோட்டார் விஷயத்தில் மேலே எழுதிய அண்ணனோடு நான் முழுவதும் உடன்படவில்லை. முதல் மாதம் கையால் சுற்றும் சக்கரத்தில் பழகுவதே மேல் என்பது என் கருத்து. இடக்கையால் சக்கரத்தைச் சுற்றி, வலக்கையால் கிரேவரைப் பிடிக்கும்போது, வெட்டு எப்போது விழுகிறது, எப்போது உரசுகிறது என்பதை இரு கைகளும் சேர்ந்தே உணர்கின்றன. கிரேவர் மாட்டிக்கொண்டால் கை தானாக நின்றுவிடும், மோட்டார் நிற்காது. ஒரு கையால் கிரேவரை நிலையாகப் பிடிப்பது கடினம் என்ற எதிர்வாதமும் சரிதான் என்பதால், இதை வழக்காட நான் விரும்பவில்லை.

நான் எழுத வந்தது துருவைப் பற்றி. உங்கள் ஊர் கடலிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கலாம், ஆனால் நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஈரம் குறையும் மாதங்கள் சிலவே. நான் ஒரு ஐப்பசி முழுவதும் காலெட்டுகளை மரப்பெட்டியிலேயே விட்டுவிட்டுத் திறந்தபோது நான்கில் பழுப்புப் புள்ளிகள் கண்டேன். ஈரம் குடித்த மரம் அதை உள்ளேயே வைத்துக்கொள்கிறது. அதன்பின் காலெட்டுகளை எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமாக மூடும் கண்ணாடிச் சீசாவில் வைக்கிறேன். லேத்தை வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து மூடுகிறேன். விரல் வியர்வையின் உப்பும் கடல் உப்பு செய்யும் வேலையைத்தான் செய்யும். ஏற்கெனவே துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ஹெட்ஸ்டாக் நேராக உட்காரும் சரிவுப் பரப்புகளை ஒருமுறை தேய்த்துவிட்டால் திரும்பப் பெற முடியாது.

மணிமேடைப் பக்கம் எழுதியது:

வெறுமனே இறுக்கிய காலெட்டில் அதன் அளவுக்குச் சரியான கம்பியை மாட்டி, கையால் சுற்றிக் கண்லென்ஸ் வழியாகப் பாருங்கள். ஆட்டம் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். ஒரு தடவை மெல்ல இறுக்கியதால் எல்லாக் காலெட்டும் கெட்டுவிடுவதில்லை.

இனி ஸ்டாஃப். தம்பி, அதை ஓர் ஆண்டு தள்ளிவையுங்கள் என்று சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் என நம்புகிறேன். ஸ்டாஃபின் முனை ஏறத்தாழ 0.1 மி.மீ. பருமன்தான், நம் தலைமுடியோடு ஒப்பிட வேண்டிய பொருள். அதற்கு முன் பித்தளையில் ஒரே பருமனாகக் கடையுங்கள், பிறகு சதுரமான படி எடுங்கள், பிறகு கூம்பு. அடுத்தது எஃகு: 2.0 மி.மீ. சைக்கிள் ஸ்போக் கம்பி மலிவாகக் கிடைக்கிறது, மைக்ரோமீட்டரால் அளந்து பார்த்து 20-ஆம் எண் காலெட்டில் மாட்டலாம். டீ ரெஸ்டைக் கம்பிக்கு மிக அருகில், கிரேவர் முனை அச்சின் உயரத்தில் வரும்படி வையுங்கள். இடைவெளி கூடினால் கிரேவர் உள்ளே இழுபடும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், தோளில் துண்டு வேண்டாம்.

இவை கைவந்தபின் சுவர்க் கடிகாரங்களின் தேய்ந்த அச்சுத் துளைகளுக்குப் பித்தளை புஷ் கடைந்து போடுங்கள். அது பயனுள்ள வேலை, பிழை செய்தாலும் மன்னிக்கும். ஸ்டாஃபின் மறுபாதியைக் கடையும்போது காலெட்டை நம்ப முடியாது. பித்தளைத் துண்டின் முகத்தில் 60 பாகைக் குழி கடைந்து, ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கி, அரக்கில் ஸ்டாஃபைப் பதித்து, அது இறுகுமுன் குச்சியால் தாங்கி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். வடசேரி நகைக் கைவினைஞர்கள் பயன்படுத்தும் அரக்கைக் கேட்டு வாங்காதீர்கள். அவர்கள் தேவைக்கேற்ப அதில் வேறு பொடிகள் கலந்திருக்கும். மரச் சாமான் பாலிஷுக்கு விற்கும் தூய அரக்குச் செதில் போதும். வேலை முடிந்ததும் அது ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

குழித்துறைவாசி எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தேங்காய் எண்ணெயைக் கழுவி, ஸ்பிண்டிலைச் சரிக்கட்டி, தையல் மோட்டாரும் பொருத்திவிட்டேன். குளச்சல் அண்ணன் பொறுத்தருள வேண்டும். 3 மி.மீ. பித்தளைக் கம்பியை 2 மி.மீ. ஆகக் கடைந்தேன். ஆனால் காலெட்டுக்கு அருகில் 2.00 இருக்கும்போது வெளிமுனையில் 2.07 இருக்கிறது. டெயில்ஸ்டாக்கால் தாங்கவில்லை. இது லேத்தின் கோணலா, என் கையின் கோணலா?

பழைய டூல்ரூம் எழுதியது:

காலெட்டிலிருந்து எவ்வளவு நீளம் வெளியே நிற்கிறது? பருமனின் மூன்று நான்கு மடங்குக்கு மேல் இருந்தால் முனை கிரேவருக்கு விலகிக்கொடுக்கிறது. குறைத்து மாட்டி மறுபடி கடைந்து அளவைச் சொல்லுங்கள். அதற்குள் லேத்தைச் சந்தேகப்பட வேண்டாம்.