மூன்று வாரமாகியும் கினிப் பன்றி கைக்கு வரமாட்டேன் என்கிறது, என்ன செய்யலாமுங்க?

தறிக்காரர், சோமனூர்:
வணக்கமுங்க. ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் ரொம்ப நாளாகக் கேட்டாள் என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் கினிப் பன்றி வாங்கி வந்தோம். கன்னங்கரேல் என்று இருப்பதால் எள்ளு என்று பெயர். கிட்டே போனாலே அட்டைப் பெட்டிக்குள் ஓடிவிடுகிறது. தூக்கினால் மட்டும் அசையாமல் இருக்கிறது. பழகிவிட்டது போல என்று கீழே விட்டால் மறுபடி ஓட்டம். "அதுக்கு என்னையப் புடிக்கலையாப்பா?" என்று பாப்பா கேட்கும்போது எனக்குப் பதில் இல்லை. கூண்டு முன்னறையில், தரையில் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு தறி ஓடுகிறது. முயல் தீவனமும் கேரட்டும்தான் சாப்பாடு.

கொறங்காட்டுக்காரி, காங்கேயம்:
அண்ணா, அசையாமல் இருந்தது பழக்கமில்லைங்க, பயம். பருந்துக்கும் நரிக்கும் இரையாகிற இனம் அது. தப்பிக்க வழியில்லை என்றால் உறைந்துபோய்விடும். மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்து மாதிரிதான்.

முதலில் கூண்டைத் தறிச் சுவரிலிருந்து உள்ளறைக்கு மாற்றுங்கள். தறிச் சத்தம் நமக்குத் தாலாட்டு, அதற்கு அப்படி இல்லை. தரையில் வைக்காமல் மேசை மேல் வையுங்கள். ஒரு வாரத்துக்கு யாரும் தூக்கவே வேண்டாம். பாப்பா தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாகப் படிக்கட்டும், குரல் பழகும். அப்புறம் கொத்தமல்லித் தழையைக் காம்பைப் பிடித்து, பக்கவாட்டில் நீட்டட்டும். வாங்காவிட்டால் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும், துரத்தக் கூடாது.

என்னிடம் இரண்டு இருக்கின்றன. கூடையைச் சாய்த்து வைத்து உள்ளே தழை போட்டு, ஒவ்வொரு முறையும் "வா சாமி" என்று ஒரே சொல்லைச் சொன்னேன். ஒரு மாதத்தில் சொல்லைக் கேட்டதும் தானாக ஏறிக்கொண்டன. இப்போது கூடையோடுதான் தூக்குவேன். கையில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை பின்பாகத்தைத் தாங்கி, உடம்போடு அணைத்து எடுங்கள்.

சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் காய்ந்த புல் வேண்டும், அவற்றின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், அரைபட வேண்டும். நான் எங்கள் கொறங்காட்டில், அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், முளைக்கிற கொழுக்கட்டைப் புல்லை அறுத்து நிழலில் உலர்த்திப் போடுகிறேன். குதிரை மசால் என்கிற தீவனப் பயிர் சத்தானது என்று போட்டுவிடாதீர்கள். சுண்ணாம்புச் சத்து அதிகம், வளர்ந்ததற்கு மூத்திரப்பையில் கல் வரும். நம்மைப் போலவே வைட்டமின் சி-யை உடம்பில் தயாரிக்க அதனால் முடியாது. முயல் தீவனத்தில் அது போதாது. தினமும் குடமிளகாய்த் துண்டு கொடுங்கள், இடையிடையே கொய்யா. கேரட் எப்போதாவது போதும்.

இன்னொன்று, அது தனியாக வாழ்கிற பிராணி இல்லைங்க. இன்னொரு பெண் குட்டி வாங்கிவிடுங்கள். ஆண் குட்டி வந்துவிட்டால் இரண்டு மாதம் சொச்சத்தில் ஈன்றுவிடும், பார்த்து வாங்குங்கள்.

பெருந்துறை:
அக்கா சொன்னதோடு வெயிலையும் கவனியுங்கள். 30 டிகிரி தாண்டினாலே ஆபத்து. போன சித்திரையில் மாடி அறையில் விட்டுப் போன என் குட்டி சாயங்காலம் வருவதற்குள் போய்விட்டது, இன்றைக்கும் ஆறவில்லை. தகர ஷீட் கூரைக்கடியில் வைக்காதீர்கள். பனிக்கட்டி பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வையுங்கள், ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அரை நாள் சாப்பிடாமல் இருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். அமாக்சிசிலின் என்கிற கிருமிக்கொல்லி மருந்து வாய்வழி வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று உயிரையே வாங்கிவிடும்.

தறிக்காரர், சோமனூர்:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேனுங்க. கூண்டு இப்போது உள்ளறையில். பாப்பா சமூக அறிவியல் புத்தகம் முழுவதையும் எள்ளுவுக்குப் படித்துக் காட்டிவிட்டாள். நேற்று ராத்திரி மல்லித்தழையை அவள் விரலிலிருந்து இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டி வாசலிலேயே உட்கார்ந்து தின்றது. இன்று காலை தழைப் பை சலசலத்ததும் "வீக், வீக்" என்று கத்தியது. எனக்கே கண் கலங்கிவிட்டது. காங்கேயம் அக்கா, கொழுக்கட்டைப் புல் ஒரு கட்டு கிடைக்குமா? ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வந்து வாங்கிக்கொள்கிறோம்.