ஸ்கார்பியோ என்-க்கு எந்த மேட்? பின்னால் டோ ஹுக் மாட்டலாமா?

கள்ளிக்குடிக்காரன்:
வணக்கம் நண்பர்களே. போன மாதம்தான் மஹிந்திரா ஸ்கார்பியோ-என் கார் எடுத்தோம், டீசல் ஆட்டோமேட்டிக், 4x4 இல்லை. வீட்டில் ஆறு பேர். மதுரை திருநகரில் குடியிருக்கிறோம், வாரம் தவறாமல் ஊருக்குப் போவோம். தோட்டம் முழுக்கக் கரிசல், மழை பெய்துவிட்டால் ஆளுக்கு அரை கிலோ மண்ணைச் செருப்பில் அப்பிக்கொண்டுதான் வண்டியில் ஏறுவார்கள், அப்பா மம்பட்டியையும் கழுவாமல் பின்னால் போட்டுவிடுவார், சொன்னால் கோபம் வரும். வண்டியோடு வந்த துணி மேட் இப்போதே பார்க்கச் சகிக்கவில்லை. பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் 7டி மேட் (தரை முழுவதையும் மூடுகிற தடித்த மெத்தை மேட்) 8500 என்றார்கள், இன்னொரு கடையில் டிபிஈ ட்ரே (ரப்பர் மாதிரி பிளாஸ்டிக்கில் தட்டு போல வரும் மேட்) மூன்று வரிசைக்கும் சேர்த்து 7000. எதை வாங்குவது?

இன்னொன்று. பின்னால் டோ ஹுக் மாட்டி, சின்னதாக ஒரு டிரெய்லர் செய்து, உர மூட்டை, பருத்தி மூட்டை எல்லாம் இழுத்து வரலாம் என்று மச்சான் யோசனை சொல்கிறார். திருமங்கலத்தில் தெரிந்த வெல்டிங் பட்டறையில் ஹுக், டிரெய்லர் இரண்டுமே செய்து தருகிறார்களாம். முன்னால் ஒரு பம்பர் கார்டும் (பம்பருக்கு முன் மாட்டும் இரும்புச் சட்டம்) போட்டுவிடலாமா என்று ஆசை.

பழங்காநத்தம் பாண்டி:
அண்ணே, 7டி பக்கம் போகாதீர்கள். என்னுடைய பழைய காரில் போட்டு நான் பட்ட பாடு இருக்கிறதே. முதல் ஆறு மாதம் சோபா மாதிரி ஜம்மென்று இருந்தது. அப்புறம் ஏசி போட்டாலே ஒரு வாடை. செருப்பு வாடை என்று நினைத்தேன், மீன் வாங்கி வந்த பை கசிந்திருக்கும் என்று நினைத்தேன், வீட்டில் சண்டையே வந்தது. கடைசியில் பார்த்தால் ஏசி தண்ணீர் வெளியே போகிற சின்ன டிரெயின் பைப்பில் தூசி அடைத்து, தண்ணீர் இடது பக்கம் கால் வைக்கிற இடத்தில் உள்ளேயே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சாதாரண மேட் என்றால் இரண்டாம் நாளே கால் நனைந்து தெரிந்திருக்கும். 7டி மேலே காய்ந்தே இருந்தது, கீழே கார்ப்பெட் ஊறிப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. சீட்டைக் கழற்றி, எல்லாவற்றையும் உரித்து, இரண்டு நாள் வெயிலில் போட்டோம். மதுரை வெயிலுக்கு அன்றைக்குத்தான் நன்றி சொன்னேன்.

அதையும் சொல்லிவிடுகிறேன். 7டி போட முன் சீட்டைக் கழற்றுவார்கள். சீட்டுக்கு அடியில் ஏர்பேக் ஒயர்கள் மஞ்சள் கனெக்டரில் வரும். அதைச் சரியாக மாட்டாவிட்டாலோ, கழற்றி வைத்துவிட்டு இக்னிஷன் போட்டாலோ ஏர்பேக் லைட் எரிய ஆரம்பித்துவிடும். புது வண்டியில் அந்த வேலை வேண்டாம்.

அழகர்கோவில் ரோடு:
எனக்கு நாலு வருடமாக 7டிதான், ஒரு வாடையும் இல்லை. ஆனால் நான் தார் ரோட்டை விட்டு இறங்குவதே இல்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நத்தம் ரோடு அக்கா:
தம்பி, கரிசல் என்றால் டிபிஈ ட்ரேதான். ஓரம் உயரமாக இருப்பதால் மண்ணும் தண்ணியும் அதற்குள்ளேயே நிற்கும், ஊரில் மோட்டார் போட்டிருக்கும்போது அப்படியே தூக்கிப் போய்க் காட்டி எடுத்தால் முடிந்தது. கடையில் யாராவது நூடுல்ஸ் மேட் (சுருள் சுருளான பிளாஸ்டிக் இழை மேட்) காட்டினால் வாங்கிவிடாதீர்கள். எங்கள் பக்கத்துச் செம்மண் தூசிக்கு அது நல்லது, தட்டினால் கொட்டிவிடும். கரிசல் காய்ந்து அந்தச் சுருளுக்குள் ஒட்டினால் பல் குச்சி வைத்துத்தான் நோண்ட வேண்டும். மலிவான ரப்பரும் வேண்டாம், சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்தால் ஓரம் சுருளும், கதவைத் திறந்தாலே டயர் கடை வாசம்.

எதை வாங்கினாலும் டிரைவர் பக்க மேட் தரையில் இருக்கிற கிளிப்பில் மாட்டுகிறதா என்று பாருங்கள். பழைய துணி மேட்டின் மேலேயே புதியதைப் போடாதீர்கள், நிறைய பேர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். எனக்கு ஒருமுறை ரிங் ரோட்டில் மேட் முன்னால் நகர்ந்து ஆக்சிலரேட்டரில் மாட்டிக்கொண்டது, காலை எடுத்தும் வண்டி ஓடியது. நியூட்ரலுக்குத் தள்ளி நிறுத்தினேன், அரை மணி நேரம் கை நடுக்கம் நிற்கவில்லை. 2009-ல் அமெரிக்காவில் டொயோட்டா சுமார் 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததே, அது இந்த மேட் விஷயத்துக்காகத்தான். வேறு மாடலுக்குச் செய்த மேட்டைப் போட்டிருந்த ஒரு லெக்ஸஸ், சான் டியாகோ பக்கம் விபத்தாகி நான்கு பேர் இறந்துபோனார்கள். மேட் போட்டதும் எஞ்சினை அணைத்துவிட்டு ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்துப் பாருங்கள், எங்கும் உரசக் கூடாது.

பட்டறை மாமா:
மச்சான் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்க வேண்டாம் தம்பி. டிரெய்லர் என்றால் சட்டப்படி அதுவே ஒரு மோட்டார் வாகனம், தனியாகப் பதிவு செய்து நம்பர் வாங்க வேண்டும். டிராக்டருக்குப் பின்னால் போகிறதே, அதற்கும் அப்படித்தான். பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்ததைச் சொந்தக் காரில் கட்டி நாலுவழிச் சாலையில் இழுத்துப் போய், கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகாவிட்டால் சரி, ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் அந்த வெல்டிங்கைத்தான் முதலில் போட்டோ எடுப்பான். மூட்டைக்குக் குட்டியானை வாடகைக்குப் பிடியுங்கள், வருடத்துக்கு நாலைந்து நடைதானே இருக்கும்.

டோ ஹுக் சும்மா மாட்டி வைப்பதும் ஆபத்துதான். பின்னால் வருகிற பைக்காரர் முழங்கால் நேராக அதில்தான் மோதும். பம்பர் கார்டு பற்றிக் கேட்கவே வேண்டாம், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இடிக்கும்போது நசுங்க வேண்டிய இடம் நசுங்காது, ஏர்பேக் சென்சாரும் ஏமாறும்.

உங்களுக்குத் தேவை கரிசலில் சிக்கினால் வெளியே வர ஒரு வழி. வண்டியோடு டூல்ஸில் ஒரு கொக்கி வந்திருக்கும், அதை எங்கே மாட்டுவது என்று மேனுவலில் படம் இருக்கும். நல்ல நைலான் பட்டை ஒன்று, பட்டையைக் கொக்கியோடு பூட்ட இரண்டு ஷேக்கிள் (இரும்பு வளையம்), போதும். இரும்புக் கயிறும் டிராக்டர் சங்கிலியும் வேண்டாம், அறுந்தால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். பட்டையின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு, பையன்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். ஆக்ஸிலிலோ சஸ்பென்ஷன் ஆர்மிலோ கட்ட விடாதீர்கள், ஊரில் அதைத்தான் முதலில் கட்டுவார்கள்.

ஒன்று மறக்காதீர்கள், உங்களுடையது ஆட்டோமேட்டிக். ரோட்டில் நின்றுவிட்டால் கட்டி இழுக்கக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் ஆயில் பம்பும் ஓடாது, பின் சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே காய்ந்து தேயும். பிளாட்பெட் வண்டியைக் கூப்பிட்டு மேலே ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

கள்ளிக்குடிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. டிபிஈ ட்ரே மூன்று வரிசைக்கும் டிக்கிக்கும் சேர்த்து 8200-க்குப் பேசி முடித்தேன், கிளிப் சரியாக உட்கார்ந்தது, மிதித்தும் பார்த்தேன். பட்டையும் ஷேக்கிளும் வாங்கியாகிவிட்டது. மச்சானிடம் டிரெய்லர் வேண்டாம் என்று சொன்னதற்கு ஒரு வாரமாகப் போன் எடுக்கவில்லை. அப்பா டிக்கி ட்ரேயைப் பார்த்துவிட்டு, இது மம்பட்டிக்கு என்றே செய்தது போலிருக்கிறது என்று இப்போது கடப்பாரையையும் சேர்த்துப் போடுகிறார்.